சிலைக்கு இடமுண்டு, படச்சுருளுக்கு இல்லை

தமிழ்த் திரைக் கலைஞர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. 1944 நவம்பர் 8 அன்று, ‘இந்துநேசன்’ என்ற கிசுகிசுப் பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டது, மறுநாள் மருத்துவமனையில் இறந்தது, எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானது, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றது, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி 1947-இல் இருவரும் விடுதலையானது என்று அந்த வழக்கின் ஒவ்வொரு வளைவையும் எண்பது ஆண்டுகளாகப் புத்தகமாகவும், தொடர்கட்டுரையாகவும், இப்போது யூடியூப் காணொளியாகவும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். சாவித்திரியின் கடைசி ஆண்டுகள், சந்திரபாபுவின் கடன்கள், யார் யாருக்கு எந்த ஊரில் பங்களா இருந்தது என்பதெல்லாம் மனப்பாடம். அதே காலத்துப் படங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால்தான் குரல் இறங்கிவிடுகிறது. எச்.எம். ரெட்டி இயக்கத்தில் டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’, தமிழின் முதல் பேசும்படம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் அது வெளியானதும் தெரியும். அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. கலைஞரின் வாழ்க்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கலையைத் தொலைத்துவிட்ட இந்தக் கணக்கைத் திருத்த, தமிழ்நாடு அரசு சட்ட வலுவுள்ள திரைப்படக் காப்பகம் ஒன்றைத் தொடங்க வேண்டும். அரசின் சலுகையைப் பெறும் ஒவ்வொரு படமும் அங்கே ஒரு பிரதியை ஒப்படைக்க வேண்டும். இது ரசிகர்களின் பழைய நினைவுகள் சம்பந்தப்பட்ட விவகாரம் என்று ஒதுக்கக்கூடியது இல்லை. அரசு நிர்வாகம் செய்யத் தவறிய ஒரு வேலை.

ராஜலட்சுமியையே எடுத்துக்கொள்வோம். திருவையாற்றில் பிறந்து, குழந்தைத் திருமணத்திலிருந்து மீண்டு, நாடக மேடைக்கு வந்து, ‘சினிமா ராணி’ என்று பேர் வாங்கியவர். தாம் எழுதிய நாவலை ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் 1936-இல் தாமே தயாரித்து இயக்கியவர். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் என்று எல்லாப் போட்டித் தேர்வுக் கையேட்டிலும் இருக்கிறார். சரி, அவர் எப்படிப்பட்ட இயக்குநர்? காட்சியை எங்கே வெட்டினார், கேமராவை எவ்வளவு தூரத்தில் நிறுத்தினார், மேடை நடிகர்களைத் திரைக்கு எப்படிப் பழக்கினார், ஒரு பெண்ணின் கதையைப் பெண் சொல்லும்போது ஆண் இயக்குநர்கள் காட்டாத எதைக் காட்டினார்? இவற்றில் ஒன்றுக்குக்கூட யாராலும் பதில் சொல்ல முடியாது, படம் இல்லை. அவர் பட்ட கஷ்டத்தைச் சொல்லலாம், முதலாமவர் என்று பட்டம் கொடுக்கலாம், தபால்தலை கேட்கலாம். அவரை ஒரு படைப்பாளியாக எடைபோட மட்டும் வழியில்லை. ஒரு பெண் கலைஞர் வெறும் வாழ்க்கைக் கதையாகச் சுருங்கிப்போக இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தப் படங்கள் எப்படித் தொலைந்தன என்பதில் மர்மம் எதுவும் கிடையாது. 1950-களின் தொடக்கம் வரை படச்சுருள் செய்யப் பயன்பட்டது நைட்ரேட் என்ற வெடிமருந்து இனத்துப் பொருள். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வைத்திருப்பதால் அது தீப்பிடித்தால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. எரியாமல் தப்பியதும் நம்மூர் வெக்கையிலும் ஈரத்திலும் ஒட்டிக் குழைந்து, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். அதன் பிறகு வந்த அசிடேட் சுருள் எளிதில் எரியாது. ஆனால் சூட்டில் புளித்துக் காடி வாடை அடித்துச் சுருங்கும். இவற்றோடு வணிகம் செய்த வேலையும் சேர்ந்துகொண்டது. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவமே வெள்ளித் துகள்களால் ஆனது என்பதால், ஓடி முடிந்த சுருள்களை எடைக்குப் போட்டால் காசு கிடைத்தது. நகரத்துக் கொட்டகையில் தொடங்கிய படப்பெட்டி சிற்றூர் டூரிங் டாக்கீஸ் வரை போய், கீறலும் ஒட்டுமாகத் திரும்பி வரும்போது அதை வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இருக்கவில்லை. நெகட்டிவ் லேப்பில் கிடக்கும். லேப்புக்குப் பாக்கி இருக்கும். தயாரிப்பாளர் அடுத்த படத்தில் நொடித்துப் போயிருப்பார். ஃபைனான்சியருக்கு வேண்டியது உரிமைப் பத்திரம், தகரப் பெட்டி இல்லை. பிறகு அந்த லேப்பும் ஒருநாள் மூடப்படும். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் அழிக்கவில்லை. காப்பாற்றுவது யாருடைய பொறுப்பாகவும் இல்லாததால் எல்லாம் போயிற்று.

தப்பிப் பிழைத்தவை பிழைத்த விதம் இன்னும் கொடுமை. 1933-இல் ஆர். சுந்தர்ராஜ் தயாரிப்பில் பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப்படம், தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் மிக அரிய மௌனப்படங்களில் ஒன்று. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியின்றிப் படமாக்கிவிட்டார்கள் என்று பதிப்பகத்தார் வழக்குப் போட்டார்கள். படம் முடங்கிப் பிரதி பதிப்பகத்தாரிடம் கிடந்தது. 1974-இல் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அதை வாங்கியது. அதாவது ஒழுங்காக வெளியாகி ஊர் ஊராக ஓடியிருந்தால் அதுவும் அழிந்திருக்கும்; வழக்கில் மாட்டியதால் தப்பியது. கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ வைத்து ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியாருக்கு அப்படி யாரும் வழக்குப் போடவில்லை. குமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ படத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. டேனியலின் வாழ்க்கை மட்டும் ‘செல்லுலாய்ட்’ என்று 2013-இல் ஒரு படமாகவே வந்துவிட்டது. இந்தியாவில் தயாரான ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட மௌனப்படங்களில் இன்று இருப்பவை சுமார் முப்பதுதான். அவற்றிலும் பல துண்டு துணுக்குகள்.

இது நைட்ரேட் காலத்துப் பழங்கதை என்று நினைப்பவர்கள் 1965-க்கு வரட்டும். ஜெயகாந்தன் தம் ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலைத் தாமே படமாக இயக்கினார். நட்சத்திரங்கள் இல்லாத, சேரிச் சிறுவன் ஒருவனை மையத்தில் நிறுத்திய அந்தப் படம், அவ்வாண்டு தேசிய விருதில் இந்திய அளவில் மூன்றாவது சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவர் நற்சான்றிதழைப் பெற்றது. நாவல் இன்றும் புத்தகக் கண்காட்சியில் கிடைக்கிறது. படம் பார்க்கக் கிடைப்பதில்லை. ஒரே ஆள், ஒரே கதை, ஒரே காலம். அச்சில் வந்தது இருக்கிறது, திரையில் வந்தது இல்லை. இதற்கு ஜெயகாந்தனின் எழுத்துத் திறமைக்கும் இயக்கத் திறமைக்கும் உள்ள வித்தியாசம் காரணமாகாது. புத்தகத்துக்குப் பின்னால் 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் இருக்கிறது; அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு படி போயாக வேண்டும் என்று அது சொல்கிறது. கன்னிமாராவின் அலமாரியில் எவ்வளவோ தூசி படிந்திருக்கலாம். ஆனாலும் தூசிக்கடியில் புத்தகம் இருக்கிறது. படத்துக்கு அப்படி ஒரு அலமாரியே இந்த மாநிலத்தில் கிடையாது.

படம் இல்லாத இடத்தை வதந்தி நிரப்புகிறது என்பதுதான் இதில் நான் அதிகம் கவலைப்படும் விஷயம். நம் சினிமா எழுத்து நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு யார் யாரோடு சண்டை போட்டார்கள், யார் யாரை ஏமாற்றினார்கள், யார் எப்படி நொடித்தார்கள் என்பதாகவே இருப்பதற்கு எழுதுபவர்களின் ரசனையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஓர் இயக்குநரின் பத்துப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்து, அவர் எங்கே வளர்ந்தார், எங்கே தன்னையே நகல் எடுத்தார் என்று எழுத வேண்டுமானால் அந்தப் பத்தும் கையில் கிடைக்க வேண்டும். தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் பாட்டுப் புத்தகங்களையும் பழைய பத்திரிகைகளையும் போலீஸ் கோப்புகளையும் வைத்துக்கொண்டு எழுப்பியிருக்கும் வரலாறு மலைக்க வைப்பது. ஆனால் அந்த வரலாற்றின் பெரும்பகுதி, பார்க்க முடியாத படங்களைப் பற்றி எழுத நேர்ந்தது. கொட்டகை வாசலில் அணா கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகம் ரோஜா முத்தையா நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. பாட்டு எந்தக் காட்சியில் வந்தது என்று காட்டப் படம் இல்லை. விமர்சனத்துக்கு மூலம் வேண்டும். மூலம் இல்லையென்றால் நினைவுக் குறிப்பு பேசும். அதுவும் ஓய்ந்தால் கிசுகிசு பேசும். ‘இந்துநேசன்’ பத்திரிகை 1944-இல் செய்ததை இன்று ஆயிரம் சேனல்கள் செய்கின்றன என்றால், அவற்றுக்கு எதிரே வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

இதை நினைத்தால் வியப்பு இன்னொரு பக்கமிருந்தும் வரும். அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என ஐந்து முதலமைச்சர்களை நேரடியாகத் திரையுலகத்திலிருந்து பெற்ற மாநிலம் இது. ‘வேலைக்காரி’, ‘பராசக்தி’, ‘நாடோடி மன்னன்’ ஆகியவற்றைத் தள்ளிவிட்டு இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டு அரசியலை யாரும் எழுத முடியாது. ஆனாலும் எந்த ஆட்சியும் சினிமாவை ஓர் ஆவணமாகப் பார்க்கவில்லை. கலைஞர்களைக் கௌரவிப்பது என்றால் நமக்குத் தெரிந்தது சிமெண்டும் வெண்கலமும்தான். சிவாஜி சிலை காமராஜர் சாலையில் நிற்கலாமா கூடாதா என்பது உயர் நீதிமன்றம் வரை போனது. 2017-இல் அடையாற்றில் மணிமண்டபம் திறந்து சிலையை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பாகவதருக்குத் திருச்சியில் மணிமண்டபம் இருக்கிறது. இவை வேண்டாம் என்பதில்லை. ஆனால் மணிமண்டபத்துக்குப் போகிறவர் அங்கே பார்ப்பது புகைப்படத்தை. அந்த ஆளின் கலை அந்தப் புகைப்படத்தில் இல்லை. ஸ்டூடியோக்களின் கதையும் இதுதான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். ஏற்காடு சாலையில் இன்று நிற்பது அதன் முகப்பு வளைவு மட்டும். ஜெமினியின் பெயர் மேம்பாலத்துக்குப் போய்விட்டது. நிலத்துக்கு விலை ஏறினால் ஸ்டூடியோ போகும், அதைத் தடுக்க முடியாது. உள்ளே இருந்த சுருள்கள் எங்கே போயின என்று கேட்க ஓர் அலுவலகமாவது இருந்திருக்க வேண்டும்.

பழைய படமெல்லாம்தான் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறதே, காப்பகம் எதற்கு என்று கேட்பார்கள். கொட்டிக் கிடப்பது உண்மை. எது கிடக்கிறது என்று கவனிக்க வேண்டும். பெரும்பாலானவை தொலைக்காட்சிக்காக வீடியோவுக்கு மாற்றப்பட்ட, அதுவும் தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த நகலின் நகல். மேலும் கீழும் வெட்டுப்பட்ட சட்டகம், ஓரத்தில் நிறுவன முத்திரை, விளம்பர நேரத்துக்காகக் கழற்றப்பட்ட நகைச்சுவைப் பகுதி, சில நேரம் பாட்டே இல்லாத பாட்டுப் படம். நிழலும் ஒளியும் கொண்டு கே. ராம்நாத் போன்ற ஒளிப்பதிவாளர்கள் இழைத்த காட்சி, இந்த நகலில் சாம்பல் பூசிய சுவர் போலத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இளைய தலைமுறை ‘அந்தக் காலத்துப் படமெல்லாம் இப்படித்தான்’ என்று முடிவு செய்கிறது. தவிர, அந்தத் தளத்தில் ஒரு படம் இருப்பது பதிவேற்றியவர் விருப்பம், நாளைக்கே நீக்கலாம். மறுவெளியீட்டைக் காட்டியும் சமாதானம் சொல்வதுண்டு. பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 2012-இல் புதுப்பிக்கப்பட்டு நூறு நாள் தாண்டி ஓடியது நல்ல செய்திதான். ஆனால் சந்தை புதுப்பிப்பது திரும்பவும் வசூலாகும் சிவாஜி படத்தையும் எம்.ஜி.ஆர். படத்தையும்தான். அதுவும் இன்றைய திரையரங்குக்கு ஏற்ப ஒலியையும் அகலத்தையும் மாற்றியமைத்துக் கொடுக்கும். ‘உன்னைப்போல் ஒருவன்’ போன்ற ஒன்றைத் தேடிப் புதுப்பிக்க எந்த விநியோகஸ்தரும் கைக்காசைப் போடமாட்டார். போடச் சொல்வதும் நியாயமில்லை. சந்தைக்குத் தேவையில்லாததைப் பாதுகாக்கத்தானே அரசு?

அப்படியானால் புனே காப்பகம் போதாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. 1964-இல் தொடங்கிய அந்தக் காப்பகத்துக்கும், ரயிலேறி ஊர் ஊராய்ப் போய்ப் பெட்டிகளை மீட்டுவந்த பி.கே. நாயருக்கும் தமிழ்ச் சினிமா நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ‘தியாகபூமி’ போன்றவை இன்று இருப்பதற்கு அந்த நிறுவனமே காரணம். ஆனால் ஒரு நாட்டின் இருபதுக்கும் மேற்பட்ட மொழிப் படங்களை ஒரே வளாகம் முழுதாகச் சேர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். சேர்த்தாலும் ஆபத்து தீராது. 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நைட்ரேட் சுருள் வைத்திருந்த கிடங்கு எரிந்தபோது நாட்டின் மிகப் பழைய படங்கள் பல ஒரே நாளில் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைப்பது காப்பதாகாது என்று உலகத்தின் எல்லாக் காப்பகக்காரர்களும் சொல்வது இதனால்தான். 2022-இல் அந்தக் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒதுக்கிய 597 கோடி ரூபாயைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் எதை முதலில் புதுப்பிப்பது என்ற பட்டியலில் தமிழ் எப்போதும் பத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். நம் மொழியின் ஆவணத்துக்கு நாமே முதல் பொறுப்பாளி என்று மற்ற எல்லா விஷயத்திலும் வாதாடும் மாநிலம், இதில் மட்டும் புனேயைக் கைகாட்டுவது பொருந்தவில்லை. நூலகமும் அருங்காட்சியகமும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலிலேயே இருக்கின்றன. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பழைய படங்களில் பாதிக்கு மேல் குப்பை, குப்பையைக் குளிரூட்டி வைக்க வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்; மற்றவர்கள் மனத்துக்குள் நினைப்பதை அவர்கள் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் சாதாரணப் படங்கள் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எது குப்பை என்று அன்றைய வசூல் சொன்ன தீர்ப்பை நம்பியிருந்தால் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ இன்று இருந்திருக்காது. 1954-இல் வந்த, பாட்டே இல்லாத அந்தப் படம் முதல் வெளியீட்டில் தோற்றது. இன்று தமிழின் மிகச் சிறந்த படங்களை யார் வரிசைப்படுத்தினாலும் அதற்கு இடம் உண்டு. அது பிழைத்ததற்கு ஏவி.எம். என்ற வலுவான நிறுவனம் பின்னால் இருந்தது ஒரு காரணம். ஒரே படத்தோடு மறைந்துபோன தயாரிப்பாளரின் கையில் இருந்திருந்தால் அது வெள்ளிக்காக உருகியிருக்கும். மேலும், கலையாகத் தோற்ற படத்துக்கும் ஆவணமாக ஒரு மதிப்பு உண்டு. 1950-களின் மவுண்ட் ரோடு, அன்றைய பேச்சுத் தமிழ், பெண்கள் சேலை கட்டிய விதம், ரயில் நிலையத்துக் கூட்டம், மேடைக் கச்சேரியில் பக்கவாத்தியக்காரரின் விரல் அசைவு. சுமாரான ஒரு படம் இவற்றைத் தன்னையறியாமல் பிடித்து வைத்திருக்கும். ஓலைச்சுவடியைத் தேடி அலைந்தவர்கள் நல்ல காப்பியம் எது என்று பார்த்துக்கொண்டா சேகரித்தார்கள்? ஓலையாவது முந்நூறு ஆண்டு தாங்கும். படச்சுருளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

படம் தனியார் சொத்து, அதில் அரசு எப்படிக் கை வைக்கும் என்பது தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய ஆட்சேபம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை. அதன்பின் அது பொதுச்சொத்து. ஆக, 1960-களின் தொடக்கம் வரை வந்த தமிழ்ப் படங்கள் சட்டப்படி இன்று நம் எல்லோருக்கும் சொந்தம். பொருள் இல்லாத சொத்துக்கு உரிமையாளராக இருப்பது என்ன சுகமோ தெரியவில்லை! உரிமைக்காலம் முடிந்தபின் பொதுமக்களுக்கு வர வேண்டியது வந்து சேர, அதுவரை ஒரு பிரதி பத்திரமாக இருந்தாக வேண்டும் என்று கேட்பது அந்தச் சட்டத்தின் உள்ளர்த்தத்தையே நிறைவேற்றுவது. ஒப்படைத்த பிரதியை உரிமையாளர் அனுமதியின்றித் திரையிட மாட்டோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. தங்கள் நெகட்டிவ் பாழானால் எடுத்துக்கொள்ள ஒரு நல்ல பிரதி இருக்கிறது என்ற லாபம்தான். பிரான்சில் திரைப்படங்களுக்குக் கட்டாய ஒப்படைப்பு பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அதனால் அங்கே தயாரிப்பாளர் யாரும் திவாலாகவில்லை. நம்மூரிலும் அரசு சும்மா கேட்க வேண்டியதில்லை. 2006-இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு தந்தது. தரமான சிறு படங்களுக்கு மானியம் தருகிறது, விருது தருகிறது. வரி விலக்கு விண்ணப்பத்தில் ‘அரசுக் காப்பகத்தில் ஒரு பிரதி ஒப்படைத்ததற்கான ரசீது’ என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த ஆண்டுகளில் வந்த நூற்றுக்கணக்கான படங்கள் இன்று ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கும். தலைப்பில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தமிழ்ப் படம் மிஞ்சுமா என்று பார்க்கவில்லை.

மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் போதாத நிலையில் இது ஆடம்பரம் என்ற வாதம் எஞ்சியிருக்கிறது. அதற்குக் கணக்கைக் காட்டியே பதில் சொல்லலாம். 2024-25 நிதிநிலை அறிக்கையில் பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாய் மதிப்பில், தனியார் பங்கேற்போடு, நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப் போவதாக அரசு அறிவித்தது. படம் எடுக்க அத்தனை கோடியில் நகரம் கட்ட முடியும் என்றால், எடுத்த படத்தை வைக்க அந்த வளாகத்திலேயே ஈரப்பதமும் குளிரும் கட்டுப்படுத்திய ஒரு கிடங்கு கட்டுவது செலவுப் பட்டியலில் கண்ணுக்கே தெரியாது. ஆட்களும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஜி. அரவிந்தனின் ‘தம்பு’ புதுப்பிக்கப்பட்டு 2022-இல் கான் விழாவில் திரையிடப்பட்டதே, அந்த வேலையின் பெரும்பகுதி நடந்தது சென்னை பிரசாத் நிறுவனத்தில். குஜராத் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ 2024-இல் அதே விழாவுக்குப் போனபோதும் சென்னையின் கை அதில் இருந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த ‘கல்பனா’ 2012-இல் கான் போவதற்கு இத்தாலியின் போலோஞா வரை சுற்ற வேண்டியிருந்தது. இன்று அந்தத் தேவைகூடப் பெரும்பாலும் இல்லை. மலையாளப் படத்தையும் இந்திப் படத்தையும் வடபழனிக்காரர்கள் மீட்டுத் தருகிறார்கள். தமிழ்ப் படத்தோடு அவர்களிடம் போய் நிற்கத்தான் ஆள் இல்லை.

டிஜிட்டலுக்கு மாறியபின் இந்தக் கவலை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. உண்மையில் கவலை கூடியிருக்கிறது. அலமாரியில் நாற்பது ஆண்டு மறந்து கிடந்த நெகட்டிவ்வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் உருவம் தெரியும். பத்து ஆண்டு மறந்து கிடந்த ஹார்ட் டிஸ்க் சுழலுமா என்பதே சந்தேகம். திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதி பூட்டப்பட்டது; அதற்குரிய சாவிக் குறியீட்டின் கெடு முடிந்தால் பெட்டியில் உள்ள தகவலை யாராலும் திறக்க முடியாது. காப்புக்கென்று வைக்கும் காந்த நாடாவைக்கூட, இரண்டொரு தலைமுறை தாண்டிய புதிய கருவி படிக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படம் எடுத்துக் கடனாளியாகி ஊருக்குத் திரும்பிய தயாரிப்பாளரா இதைச் செய்வார்? 2010-களில் புதிய இயக்குநர்கள் சிறு முதலீட்டில் எடுத்து ஒரே வாரம் ஓடிய படங்கள் எத்தனையோ. அவற்றில் ஓடிடி நிறுவனம் வாங்காதவற்றின் மூலப் பிரதி எந்த மேசை இழுப்பறையில் இருக்கிறது என்று இயக்குநருக்கே தெரியாத நிலை வெகுதூரத்தில் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்கே தயாரான சுமார் 11,000 முழுநீள மௌனப்படங்களில் 70 விழுக்காடு தொலைந்துவிட்டது. அவ்வளவு பணம் புழங்கிய ஹாலிவுட்டே இழந்தது என்று நாம் ஆறுதல் தேடலாம். ஆனால் அவர்கள் 1988-இலேயே சட்டம் இயற்றி ஆண்டுக்கு 25 படங்களைத் தேசியப் பதிவேட்டில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆறுதல் மட்டும் நமக்கு, சட்டம் அவர்களுக்கு என்று இருக்க முடியாது.

தொடங்குவதற்குக் கட்டடம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் வேலை கணக்கெடுப்பு. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனியொருவராகத் திரட்டிய தகவல்களையும் படங்களையும் அரசு முன்பே வாங்கியிருக்கிறது. எந்த ஆண்டு எந்தப் படம் வந்தது என்ற பட்டியல் அதிலிருந்தே கிடைக்கும். அந்தப் பட்டியலுக்கு எதிரே, எந்தப் படத்தின் நெகட்டிவ் அல்லது பிரதி எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று நிரப்பத் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி மாணவர்களையும், லேப்புகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களையும் அமர்த்தலாம். அந்த ஓய்வு பெற்றவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. எந்தக் கிடங்கில் யாருடைய பெட்டி என்று நினைவு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். பழைய விநியோகஸ்தர் குடும்பங்களுக்கும், மூடிய கொட்டகைகளின் உரிமையாளர்களுக்கும், கடன்பட்டு உரிமை தெளிவில்லாத படங்களின் வாரிசுகளுக்கும், ‘கொண்டுவந்து கொடுங்கள், உரிமை விவகாரம் எதுவும் கேட்க மாட்டோம், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம்’ என்று ஆறு மாதக் கெடு வைத்துச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கலாம். தமிழ்ப் படப்பெட்டிகள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் கப்பலில் போன காலம் ஒன்று உண்டு. போனவையெல்லாம் திரும்பி வரவில்லை. ஆனால் தேடினால் கிடைப்பதுண்டு: 1919-இல் எடுத்த ‘பில்வமங்கள்’ என்ற வங்க மௌனப்படத்தின் பகுதிகள் பாரிஸ் காப்பகத்தில் கிடைத்து 2016-இல் புனேக்கு வந்து சேர்ந்தன. தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனின் சென்னைக் கால ஆவணங்கள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கெல்லாம் கடிதம் எழுதி, ‘உங்களிடம் தமிழ்ப் பெட்டி ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்பதற்கு ஒரு முகவரித்தாளும் கையெழுத்துப் போட ஓர் அதிகாரியும் தேவை. இந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் செய்தித்துறைக்கான பக்கத்தில் அந்த ஒரு பணியிடத்துக்கு ஒப்புதல் கொடுத்தாலே வேலை தொடங்கிவிடும்.